மெழுகில் எழுதச் சொன்ன வாத்தியார்

எழுதத் தலைப்பு கிடைத்து மூன்று நாளாகிவிட்டது. முட்டி மோதியும் முதல் வரி பிடிபடவில்லை. சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான் செகுண்டுஸ் என்ற மாணவன். அவன் அப்பாவுடன் பிறந்தவரான ஃப்ளோருஸ், கால் (Gaul) தேசத்தில் பேர்பெற்ற பேச்சாளர். சங்கதியைக் கேட்டுச் சிரித்தவர், உன்னால் முடிவதைவிட நன்றாகப் பேசிவிட ஆசைப்படுகிறாயா என்றாராம். இதைக் குறித்துவைத்தவர் குவின்டிலியன். இன்றைய ஸ்பெயினின் கலஹோராவில் கி.பி. 35 வாக்கில் பிறந்து, ரோமில் அரசுச் சம்பளம் வாங்கிப் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர். கி.பி. 95ஐ ஒட்டி அவர் எழுதி முடித்த பாடநூல் 12 பகுதிகள் கொண்டது. தூக்கம் வரவழைக்கும் பக்கங்கள் அதில் நிறையவே உண்டு. பத்தாம் பகுதி அப்படியில்லை.

அங்கே அவர் எழுதுபலகையைப் பற்றிப் பேசுகிறார். மரப்பலகையின் நடுவைக் குடைந்து மெழுகு பூசியிருப்பார்கள். எழுத்தாணியின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. கூரால் கீறலாம், தட்டையால் தேய்த்து அழிக்கலாம். கண்பார்வை மங்கியவருக்குத் தோல் ஏடு சரி. மற்றவருக்கு மெழுகே நல்லது என்கிறார். தோலில் எழுதினால் அடிக்கடி மைக்கூட்டுக்குக் கை போகும். அதற்குள் யோசனை அறுந்துவிடும். அழிப்பதும் எழுதுவதைப்போலவே முக்கியம் என்பது அவர் கட்சி. பலகை ரொம்ப அகலமாகவும் இருக்கக்கூடாதாம். ஒரு மாணவன் வரிகளை எண்ணியே கட்டுரையை அளந்தான். பலகையோ அகலம், எழுதியதெல்லாம் நீண்டுகொண்டே போனது. எவ்வளவு சொல்லியும் மாறாதவன், பலகையை மாற்றியதும் திருந்தினான்.

அப்படிப்பட்ட ரோமானியர் காலப் பலகைகள் 400க்கும் மேல், 2010க்குப் பிறகு லண்டனில் நடந்த அகழாய்வில் கிடைத்தன. காற்றுப் புகாத ஈரச் சேறு மரத்தை மக்கவிடவில்லை. மெழுகு போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்தாணி மரம்வரை இறங்கியிருந்தது. பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்து அந்தக் கீறல்களை வாசித்தார்கள். ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட கடன் பத்திரம். தொகை 105 தெனாரியஸ் என்ற ரோமானியக் காசு. சில பலகைகளில் ஒரு எழுத்தின்மேல் இன்னொன்று ஏறிக் கிடக்கிறது. அழித்து அழித்து எழுதியதன் தடம் அது. ஆய்வாளருக்குத்தான் தலைவலி.

நல்லவனே நல்ல பேச்சாளனாக முடியும் என்றும் குவின்டிலியன் பிடிவாதமாகச் சொல்கிறார். உபதேசம்போல இருக்கிறதே என்று பக்கத்தைத் தள்ளப்போனேன். ஆனால் அவர் காட்டும் காரணங்களில் ஒன்று கவனத்தைப் பற்றியது. பொறாமையும் பேராசையும் குடியிருக்கும் மனம் எந்நேரமும் அலைகிறது. படிப்பதற்கோ எழுதுவதற்கோ அதற்கு ஓய்வு ஏது? இது அறநூல் பேச்சு அல்ல, அனுபவப்பட்ட வாத்தியாரின் கணக்கு.

அதே மனிதர் அதே நூலில், கொடுங்கோலன் என்று பேரெடுத்த டொமிஷியன் சக்கரவர்த்தியை, கவிஞர்களில் தலைசிறந்தவர் என்று கூசாமல் புகழ்கிறார். சக்கரவர்த்தியின் குடும்பப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. பயமா, நன்றியா? 96இல் டொமிஷியன் கொல்லப்பட்டார். 1416இல் போஜ்ஜியோ என்ற இத்தாலியர் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில், தூசி படிந்து கிடந்த குவின்டிலியன் நூலின் முழுப் பிரதியைக் கண்டெடுத்தார். மெழுகில் இருந்திருந்தால் ஒரு தேய்ப்பில் போயிருக்கக்கூடிய அந்தப் புகழ்ச்சி வரிகளும் பத்திரமாக அதில் இருந்தன.