உறைமோர் வாங்கிய வீடுகள் எத்தனை?

எப்படி இயங்குகிறது: விஞ்ஞானியின் மேற்கோள் கணக்கு

திருவண்ணாமலை மாட வீதியில் ஒரு வீட்டில் தயிர் தீர்ந்துபோனால், கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். "அக்கா, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் குடுங்க." பால் நம்முடையது, காய்ச்சிய அடுப்பும் நம்முடையது. உறை மட்டும் அந்த வீட்டுடையது. கோட்பாட்டு இயற்பியலாளரின் கட்டுரையும் இப்படித்தான் தோய்கிறது. கணக்கு அவருடையது, அதைத் தொடங்கிவைத்த கருத்து பெரும்பாலும் வேறொருவருடையது. யாரிடம் உறை வாங்கினோம் என்று கட்டுரையின் கடைசியில் எழுதிவைப்பதே மேற்கோள்.

எண்ணுவது எப்படி?

இந்த மேற்கோள் பட்டியல் பின்னோக்கியே பார்க்கும். நான் யாரிடம் வாங்கினேன் என்று சொல்லும்; என்னிடம் யார் வாங்கினார்கள் என்று சொல்லாது. எல்லா வீட்டுப் பட்டியல்களையும் திரட்டித் தலைகீழாகத் திருப்பினால் அதுவும் தெரியும் என்று 1955இல் யோசனை சொன்னவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. 1964இல் அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது. இன்று கூகுள் ஸ்காலர் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

எச் குறியீடு

ஒரே சட்டித் தயிர் பேர் வாங்கினால் போதுமா, பல நாள் பல சட்டி நன்றாகத் தோய வேண்டாமா? 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதற்கு ஓர் அளவு சொன்னார். ஐந்து சட்டி வைத்திருக்கிறீர்கள். அவற்றிலிருந்து உறை வாங்கிய வீடுகள் முறையே 40, 12, 5, 4, 1. நான்கு சட்டிகளில் குறைந்தது நான்கு வீடுகள் வாங்கியிருப்பதால் உங்கள் எச் குறியீடு 4. முதல் சட்டிக்கு 40 வீட்டுக்குப் பதில் 4,000 வீடு வந்திருந்தாலும் அது நான்காகவே நிற்கும். ஹிர்ஷ் அன்று போட்ட கணக்கில் இயற்பியலாளர்கள் எட்வர்டு விட்டனுக்கு 110, ஸ்டீவன் ஹாக்கிங்குக்கு 62.

கணக்கு எங்கே சறுக்குகிறது?

முதலாவது, தெருவின் அளவு. நெருக்கமான மாட வீதியில் நூறு வீடு கேட்டு வரும். ஜவ்வாது மலைச் சிற்றூரில் பத்து வீடுதான் இருக்கும். ஆள் குறைந்த துறையில் இருப்பவரின் எண் சிறியதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, நம் சட்டிக்கு நாமே உறை ஊற்றிக்கொள்வது. தன் பழைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது தவறில்லை. ஆனால் அதுவும் எண்ணில் சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, கூட்டுச் சமையல். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 பெயர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஒரு முழுச் சட்டி.

நான்காவது, தோயும் நேரம். கார்த்திகைக் குளிரில் தயிர் இறுகத் தாமதமாகும். இயற்பியலாளர் ஸ்டீவன் வெயின்பெர்க் 1967இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையை முதல் இரண்டு ஆண்டுகள் கிட்டத்தட்ட யாருமே சீண்டவில்லை. அதில் அவர் சொன்ன கோட்பாட்டின் கணக்கு முடிவிலியில் போய் முட்டாது என்று 1971இல் கெரார்டு ட ஹூஃப்ட் காட்டிய பிறகுதான் சூடு பிடித்தது. இயற்பியலாளர் சிட்னி கோல்மன் எடுத்த கணக்கின்படி 1971இல் 4 மேற்கோள்கள், 1972இல் 64, 1973இல் 162. வெயின்பெர்க்குக்கு 1979இல் நோபல் கிடைத்தது. இடையில் 1970இல் ஒரு தேர்வுக்குழு எண்ணை மட்டும் பார்த்திருந்தால், அந்தக் கட்டுரையை ஒதுக்கியிருக்கும்.

சந்திரசேகரின் இரண்டு சட்டிகள்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1931இல் எழுதினார். இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1943இல் தற்செயல் இயக்கங்களைப் பற்றி 89 பக்கத்தில் ஒரு விரிவான கட்டுரை எழுதினார். அதிக மேற்கோள் பெற்றது இரண்டாவதுதான். நீரில் அலையும் துகளுக்கும் விண்மீன் கூட்டத்துக்கும் பொருந்தும் கணிதம் அதில் இருந்ததால், வேதியியலாரும் உயிரியலாரும்கூடக் கிண்ணத்தோடு வந்தார்கள்.

முதலாவதற்கு நேர்ந்தது வேறு. அந்த உச்சவரம்பு 'சந்திரசேகர் எல்லை' என்ற பெயரில் பாடநூலுக்குள் போய்விட்டது. ஊரே ஒரு வீட்டுத் தயிரிலிருந்து தோய்த்துப் பழகிவிட்டால், முதல் உறை யாருடையது என்று எவரும் எழுதிவைப்பதில்லை. பெயரைச் சொல்கிறார்கள், கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. எண்ணும் இயந்திரத்துக்கு அந்தக் கடன் தெரியாது. 1983இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது உலகம் முதலில் பேசியது இந்த எல்லையைப் பற்றித்தான்.

ஆகவே ஒருவரின் மேற்கோள் எண்ணைக் காட்டினால், தெருவில் எத்தனை வீடு, சட்டி வைத்து எத்தனை காலம், வாங்கியதில் சொந்த வீட்டுக் கிண்ணம் எத்தனை என்று கேளுங்கள். பதவிக்கோ பரிசுக்கோ ஆளைத் தேர்வதானால் அதுவும் போதாது. கட்டுரையை எடுத்துப் படிக்க வேண்டும். சந்திரசேகரின் 1931 கட்டுரையைப் படிக்க நேரமில்லை என்று எந்தக் குழுவும் சொல்ல முடியாது. அது இரண்டே பக்கம்.