'வளர்ற பிள்ளைதானே... ஒரு சைஸ் பெருசா வாங்கலாமா?' - குழந்தைக்கு முதல் இசைக்கருவி வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை!

போன வாரம் அக்காவிடமிருந்து போன். "பாப்பாவுக்கு ஆறு வயசு ஆகிடுச்சு. எதிர் ஃப்ளாட் பையன் கீபோர்டு கத்துக்கிறான். நாமளும் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். நீதான் பத்திரிகைக்காரி ஆச்சே, எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லு."

"பாப்பா என்ன கேக்குறா?" என்றேன்.

"அவளுக்கென்ன தெரியும்? டிபன் பாக்ஸ், டபரா, கட்டில், கதவுன்னு எதைப் பார்த்தாலும் தட்டிக்கிட்டே இருக்கா. தலைவலிதான்!"

சிரித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால், எனக்கு அம்மா வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அங்கே கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வயலின் இருக்கிறது. எனக்கு ஏழு வயதில் வாங்கியது. பள்ளிச் சீருடையைப் போலவே அதையும் "வளர்ற பிள்ளைதானே, பெருசாவே எடுத்துடலாம்" என்று ஃபுல் சைஸில் வாங்கினார்கள். கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. கை எட்டாமல், தோள் வலித்து, நான்கே மாதத்தில் நின்றுவிட்டேன். 'இவளுக்கு சங்கீதம் வராது' என்று வீட்டில் முடிவானது. நானும் அதைப் பல வருடங்கள் நம்பினேன்.

பாப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த விசாரிப்பு. உங்கள் வீட்டிலும் ஒரு 'பாப்பா' இருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் கருவி, காசு இல்லாத கருவி!

நம் ஊர் மரபில் எந்த வாத்தியம் கற்பவரும் அந்தப் பாடத்தை வாயாலும் பாடிப் பழகுவது வழக்கம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று போகும் அரிச்சுவடி, குரலுக்கும் வயலினுக்கும் வீணைக்கும் ஒன்றுதான். மிருதங்க மாணவரும் 'த தி தொம் நம்' என்று வாயால் சொல்லித்தான் கையால் வாசிக்கிறார்.

எனவே, நாலைந்து வயதுக் குழந்தைக்கு உடனே கருவி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பாட்டுக்குக் கைதட்டச் சொல்லுங்கள். போனில் ஒரு ஸ்ருதிப் பெட்டி செயலியை இறக்கி, அதோடு சேர்ந்து 'ச' பிடிக்கச் சொல்லுங்கள். தாளம் தவறாமல் தட்டுகிறதா, கேட்ட மெட்டை முணுமுணுக்கிறதா, இரண்டும் இல்லாமல் எழுந்து ஆடுகிறதா என்று கவனியுங்கள். இது பரீட்சை அல்ல. குழந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கீபோர்டு: சுலபம்தான், ஆனால்...

கட்டையை அழுத்தினால் சரியான சுரம் வந்துவிடும். ஸ்ருதி சேர்க்கும் வேலை இல்லை. ஹெட்போன் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தொல்லை இல்லை. ஐந்தாறு வயதிலேயே ஆரம்பிக்கலாம். அபார்ட்மென்ட் வீடுகளில் இது பிரபலமாக இருப்பதில் ஆச்சர்யம் இல்லை.

கவனிக்க வேண்டியது, கட்டைகளின் அளவு. பொம்மைக் கடையில் கிடைக்கும் குட்டிக் கட்டை கீபோர்டில் பழகும் விரல், பிறகு நிஜக் கீபோர்டில் தடுமாறும். முழு அளவுக் கட்டைகள் 61 உள்ள கீபோர்டு தொடக்கத்துக்குப் போதும். (பியானோவில் 88.) மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், வேகமாக அழுத்தினால் சத்தமாகவும் கேட்கும் 'டச்' வசதி இருக்கிறதா என்று கடையிலேயே வாசித்துப் பாருங்கள். உட்காரும்போது முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வர வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு முக்காலி போடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கர்னாடக இசையின் உயிரான கமகத்தை, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அசைவை, கட்டைகளை மட்டும் வைத்து வாசிக்க முடியாது. சினிமாப் பாட்டு, மேற்கத்திய இசை என்றால் கீபோர்டு பொருத்தம். கீர்த்தனை வாசிக்க வேண்டும் என்பது ஆசை என்றால் வேறு கருவி பாருங்கள்.

வயலின்: இஞ்ச் டேப் எடுங்கள்!

வயலினில் 1/16, 1/10, 1/8, 1/4, 1/2, 3/4, ஃபுல் என்று பல அளவுகள் உண்டு. 'அரை சைஸ்' என்றால் நீளத்தில் பாதி என்று அர்த்தம் இல்லை. அது ஒரு பெயர்தான்.

குழந்தையின் இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லி, கழுத்து ஆரம்பிக்கும் இடத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை அளங்கள். சுமார் 23 இஞ்ச் இருந்தால்தான் ஃபுல் சைஸ். 20 இஞ்ச் என்றால் அரை, 18.5 இஞ்ச் அளவில் என்றால் கால் சைஸ். ஏழு வயதில் என் கை எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது!

நம் முறையில் சம்மணமிட்டு, வயலினின் சுருள் முனையை வலது காலில் ஊன்றி வாசிக்கிறோம். அளவு பெரிதாக இருந்தால் குழந்தை முதுகை வளைத்துக்கொள்ளும். விரல்களை அகட்டி இழுத்துக்கொள்ளும். குழந்தை வளர வளர வயலினையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், முதல் வயலினைப் புதிதாக வாங்குவதைவிட வாடகைக்கோ செகண்ட் ஹேண்டிலோ எடுப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று, முதல் சில மாதங்கள் வயலின் காதுக்கு இனிமையாக இருக்காது. குழந்தையைவிட வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

மிருதங்கம்: தட்டும் கைகளுக்கு

பாப்பா மாதிரி, எதைப் பார்த்தாலும் தட்டும் குழந்தைகளுக்கு இது வரம். பலா மரத்தில் செய்வதால் கனம் அதிகம். தூக்குவது பெரியவர்கள் வேலை. சிறுவர்களுக்கான சின்ன அளவு மிருதங்கங்களும் கிடைக்கின்றன. இரண்டு கைகளும் வசதியாக இரு முகங்களையும் தொட வேண்டும், குழந்தை எட்டி எட்டி அடிக்கக் கூடாது. அதுதான் அளவு.

பராமரிப்பு உண்டு. தோல் என்பதால் வெயிலுக்கும் மழைக்கும் ஸ்ருதி மாறும். இடது முகத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டி, வாசித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். தோல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆசிரியரோ, மிருதங்கம் செய்பவரோ கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நல்லது.

"பொண்ணுக்கு மிருதங்கமா?" என்று யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவே கேட்டார். புதுக்கோட்டையைச் சேர்ந்த டி.எஸ்.ரங்கநாயகி அம்மாள் சென்ற நூற்றாண்டிலேயே மேடையேறி மிருதங்கம் வாசித்தவர். கடம் என்றால் இன்று சுகன்யா ராம்கோபால் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இதைச் சொன்னதும், "சரி சரி, நீ ஆரம்பிக்காதே" என்று அம்மா சிரித்துவிட்டார்.

புல்லாங்குழலும் வீணையும்: கொஞ்சம் பொறுங்கள்

புல்லாங்குழல் விலை குறைவு, பைக்குள் அடங்கும். ஆனால், முன்பற்கள் விழுந்து முளைக்கும் ஆறு, ஏழு வயதில் உதட்டைக் குவித்து ஊதுவது சிரமம். சத்தம் வருவதற்கே சில நாள்கள் ஆகலாம். அதிகம் ஊதினால் தலை சுற்றும். கர்னாடகக் குழலில் விரல் வைக்க எட்டுத் துளைகள். நீளமான குழலில் துளைகளின் இடைவெளியும் அதிகம். சின்ன விரல்கள் மூடாது. எனவே, எட்டு வயதுக்குப் பிறகு, ஸ்ருதி அதிகமான குட்டைக் குழலில் ஆரம்பிப்பது வசதி.

தஞ்சாவூர் வீணை பெரியது, கனமானது, விலையும் அதிகம். 24 மெட்டுகளுக்கும் கை போய்வர வேண்டும். கம்பியை அழுத்தி இழுப்பதால் விரல் நுனி காய்த்துப்போகும், ஆரம்பத்தில் வலிக்கும். ஒன்பது, பத்து வயதுவரை வாய்ப்பாட்டு கற்றுவிட்டு வந்தால், வீணையில் பாதி தூரம் கடந்த மாதிரிதான்.

கிட்டார் கேட்டு அடம்பிடித்தால்...

உகுலேலே வாங்கிக் கொடுங்கள். கிட்டாரின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். நான்கே தந்திகள், அதுவும் நைலான். கிட்டாரின் இரும்புத் தந்திபோல விரலை அறுக்காது. ஒரு விரலால் பிடிக்கும் கார்டில் ஆரம்பித்து, சில வாரங்களில் ஒரு பாட்டு வாசித்துவிடலாம். அந்தச் சின்ன வெற்றி குழந்தைக்கு ரொம்ப முக்கியம். கிட்டார்தான் வேண்டும் என்றால், அதிலும் 1/4, 1/2, 3/4 அளவுகள் உண்டு; நைலான் தந்தி உள்ளதைக் கேளுங்கள்.

அப்பா, அம்மாவுக்கும் ஹோம்வொர்க்!

சின்னக் குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுப்பதில் உலகப் புகழ்பெற்றவர் ஜப்பானின் ஷினிச்சி சுசுகி. தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுக் கற்பது போலத்தான் இசையும் என்பது அவர் முறையின் அடிப்படை. அதில் பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து, வீட்டில் பயிற்சிக்குத் துணை இருக்க வேண்டும். அந்த முறையில், ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு நிஜ வயலினுக்கு முன் அட்டைப்பெட்டியில் செய்த பொம்மை வயலினைக் கொடுத்துப் பிடிக்கும் விதத்தைப் பழக்குவதும் உண்டு.

வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிட, தினமும் பத்து, பதினைந்து நிமிடங்கள் மேல். பல் தேய்ப்பது மாதிரி ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். கருவியைப் பெட்டிக்குள் பூட்டி பீரோ மேல் வைக்காதீர்கள். கண்ணில் பட்டால்தான் கை போகும். மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் சின்ன வயதில் கையில் எடுத்தது, வீட்டில் இருந்த அப்பாவின் மாண்டலினைத்தான்.

எங்கே கற்கலாம்?

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கலை வகுப்புகள் நடக்கின்றன. என்ன பாடம் என்பது ஊருக்கு ஊர் மாறும், நேரில் கேட்டுவிடுங்கள். 12 வயதுக்கு மேல் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, வயலின், மிருதங்கத்தோடு நாதஸ்வரம், தவில், தேவாரமும் அங்கே கற்கலாம்.

எங்கே சேர்த்தாலும் முதலில் ஆசிரியரைத் தேடுங்கள், பிறகு கருவியை. கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் வீடியோ காலிலாவது காட்டுங்கள். குழந்தையை ஒரு வகுப்பில் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள். வெளியே வரும்போது அதன் முகமே பதில் சொல்லிவிடும்.

பாப்பா என்ன ஆனாள்?

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் பாப்பாவையும் இரண்டு வகுப்புகளுக்குக் கூட்டிப் போனேன். கீபோர்டு வகுப்பில் பத்து நிமிடத்தில், "சித்தி, போலாமா?" என்றாள். மிருதங்க வகுப்பில் ஒரு மணி நேரம் அசையவில்லை. வாத்தியார் தன் மிருதங்கத்தில் கை வைக்கச் சொன்னதும் அம்மாவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள். ஒரு தட்டு. அவ்வளவுதான், முகமெல்லாம் பல். முன்னால் இரண்டு பல் இல்லாத சிரிப்பு!

அக்கா இன்னும் எதுவும் வாங்கவில்லை. மூன்று மாதம் வகுப்பில் இருக்கும் மிருதங்கத்தில் பழகட்டும், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம் என்று முடிவு. வீட்டில் இப்போதைக்குத் தலையணைதான் மிருதங்கம். அக்கா சோபாவில் உட்கார்ந்து 'த தி தொம் நம்' சொல்ல, பாப்பா தட்டுகிறாள். அக்காவுக்கு இப்போது தலைவலி வருவதில்லையாம்.

இதையெல்லாம் கேட்ட அம்மா, மறுநாள் பரணிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார். "எங்களுக்கு அப்போ தெரியலடி. சொல்றதுக்கும் யாரும் இல்ல" என்றார். தந்திகள் அறுந்து கிடந்தன. எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். கை சரியாக எட்டியது.

"அப்பவே சொன்னேன்ல, வளர்ந்தா சரியா இருக்கும்னு!"

சரியாகத்தான் இருக்கிறது அம்மா, 18 வருஷம் கழித்து! புதுத் தந்தி மாட்டக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் நானும் சரளி வரிசையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.