பாலைவனத்தில் மூன்று நாள்

பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாக வகுத்தனர் என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம். இவற்றுள் பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது. மழை பொய்த்து வெயில் முற்றினால் குறிஞ்சியும் முல்லையும் வறண்டு பாலையாகிவிடும். அதற்குரிய ஒழுக்கமும் பிரிவுதான். பொருள் தேடிச் செல்பவன் வேறு வழியின்றிக் கடக்க வேண்டிய கொடிய பாதை அது. ஓய்வெடுத்து வருவதற்காக ஒருவர் பாலைக்குப் போனதாக நாம் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

ஆனால் இன்று உலகெங்கும் மக்கள் ஓய்வுக்காகவே பாலைவனம் செல்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாம் ஸ்பிரிங்ஸ் என்றோர் ஊர் உண்டு. ஹாலிவுட் நடிகர் நடிகையர் குளிர்காலத்தில் இளவெயில் தேடிச் சென்று சென்று, அந்தச் சிற்றூர் நீச்சல் குளங்களும் அழகிய வீடுகளும் நிறைந்த உல்லாச நகரமாகிவிட்டது. நம் நாட்டில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தில் உள்ள ஜெய்சால்மர். கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் அங்கே போய் ஓய்வெடுத்துத் திரும்ப எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொன் நகரம்

ஜெய்சால்மரை 1156-ஆம் ஆண்டில் நிறுவியவர் பாட்டி ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சால். சிந்துவுக்கும் பாரசீகத்துக்கும் சென்ற ஒட்டக வணிகக் கூட்டங்கள் இவ்வூரில் தங்கிச் சென்றன. அவற்றால் செல்வம் பெருகிய வணிகர்கள் ‘ஹவேலி’ எனப்படும் மாளிகைகளைக் கட்டினர். பின்னர் பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து, வாணிபம் கடல் வழிக்கு மாறியது. 1947-இல் நாடு பிரிந்ததும் மேற்கு வழி அறவே அடைபட்டது. ஊர் களையிழந்து கிடந்தது.

1974-இல் சத்யஜித் ராய் இயக்கிய ‘சோனார் கெல்லா’ என்னும் வங்காளத் திரைப்படம் இந்தக் கோட்டையில் படமாக்கப்பட்டது. ‘பொற்கோட்டை’ என்பது அதன் பொருள். படம் பார்த்த வங்காள மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். பிறகு வெளிநாட்டாரும் வந்தனர். இன்று இவ்வூரின் பிழைப்பில் பெரும்பங்கு விருந்தினரை நம்பியே இருக்கிறது. கோட்டையும் வீடுகளும் மஞ்சள் நிறக் கல்லால் ஆனவை. மாலை வெயில் பட்டால் ஊர் முழுவதும் பொன்னாக மின்னும்.

எப்போது போவது?

நமக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போது ஜெய்சால்மர் போவது அடுப்பில் அமர்வதற்குச் சமம். வெப்பம் 45 டிகிரி செல்சியஸையும் தாண்டும். ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகலில் 25 டிகிரி அளவில் இதமான வெயில், இரவில் 10 டிகிரிக்கும் கீழே குளிர். ஒரே நாளில் இத்தனை வேறுபாடு ஏன்? பாலைவனக் காற்றில் ஈரமில்லை, வானில் மேகமில்லை. பகலில் மணல் வாங்கிய வெப்பத்தைத் தடுத்து வைக்கப் போர்வை எதுவும் இல்லாததால், கதிரவன் மறைந்ததும் அது விரைவில் வெளியேறிவிடுகிறது. எனவே பகலுக்குப் பருத்தி ஆடையும், இரவுக்குக் கம்பளியும் தேவை. மார்கழிப் பனிக்கு ஒரு மப்ளரோடு சமாளிக்கும் நம் ஊர்க்காரர்கள் இதை மறக்கக்கூடாது.

ஆகவே நமக்கு வாய்ப்பது அரையாண்டு விடுமுறைதான். கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடிவிட்டு மறுநாள் புறப்படலாம். அப்போது அங்கே கூட்டம் மிகுதி. இரயிலிலும் விடுதியிலும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிட வேண்டும். பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இவ்வாண்டு திட்டம் மட்டுமே, பயணம் இல்லை! இன்னும் காத்திருக்க முடிந்தால், வடநாட்டு நாட்காட்டியின் மாக மாத முழுநிலவையொட்டி நடக்கும் மூன்று நாள் பாலைவனத் திருவிழாவில் ஒட்டகப் பந்தயமும் நாட்டுப்புற இசையும் காணலாம்.

எப்படிப் போவது?

கூட்டேரிப்பட்டு சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ளது. இங்கிருந்து பேருந்தில் சென்னை செல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி இரயில் உண்டு. ஜோத்பூரிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் ஜெய்சால்மர். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. அங்கே தங்கவும் மூன்று நாளே போதும். மொத்தம் ஒரு வாரம்.

ஊர் பாகிஸ்தான் எல்லைக்கு அருகில் உள்ளது என்பதையும் நினைவில் கொள்க. 2025 மே மாதத்தில் இரு நாடுகளுக்கிடையே மோதல் மூண்டபோது இங்கே இரவில் விளக்குகள் அணைக்கப்பட்டன. ஆகையால் எல்லை நிலவரம் அறிந்து புறப்பட வேண்டும்.

எங்கே தங்குவது?

திட்டத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே. ஜெய்சால்மர் கோட்டை வெறும் காட்சிப்பொருள் அன்று. இன்றும் சில ஆயிரம் மக்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் இதுவும் ஒன்று. கோட்டைக்குள் பல விடுதிகள் உண்டு. ‘கோட்டைக்குள்ளேயே தூங்கி எழலாமே!’ என்று யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் அக்கோட்டையை அரிப்பது பீரங்கி அன்று, தண்ணீர். தலையில் குடம் சுமந்து குன்றேறிய காலத்தில் ஒவ்வொரு துளியும் எண்ணிச் செலவழிக்கப்பட்டது. குழாய் வந்து, விருந்தினர் பெருகி, அறைதோறும் குளியலறை அமைந்தபின் செலவு பன்மடங்காயிற்று. கழிவுநீர் பழைய சாக்கடைகளில் கசிந்து அடியில் இறங்குகிறது. குன்றின் மணற்கல்லுக்குக் கீழே களிமண்ணும் நொறுங்கும் பாறையும் உள்ளன. ஈரம் பட்டால் அவை உப்பி நெகிழும். அதன்மேல் நிற்கும் சுவர் சரியும். 1996-லேயே உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

ஆகவே கோட்டைக்கு வெளியே, அதைப் பார்த்தவாறு அமைந்த விடுதியில் தங்குவதே முறை. வெளியிலிருந்து பார்த்தால்தான் கோட்டை பொன்னாவதும் தெரியும்!

மூன்று நாள் நிகழ்ச்சி

முதல் நாள் ஊருக்குள் நடக்கலாம். காலையில் கோட்டையும் அதற்குள் இருக்கும் சமணக் கோயில்களும். பிறகு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பட்வா ஹவேலி. ஒரு வணிகக் குடும்பம் அடுத்தடுத்துக் கட்டிய ஐந்து மாளிகைகள் அவை. கல்லா, சரிகைத் துணியா என்று ஐயுறும்படி சாளரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நாத்மல் ஹவேலியை இரு சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் செதுக்கினர் என்பர். இருபுறமும் ஒன்றுபோல் தோன்றினாலும் உற்று நோக்கினால் வேறுபடும். குழந்தைகளுக்கு இதைக் கண்டுபிடிப்பதே நல்ல விளையாட்டு. மாலையில் கடீசர் ஏரிக்கரை. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து பல நூறு ஆண்டுகள் இவ்வூருக்குக் குடிநீர் தந்த ஏரி அது.

இரண்டாம் நாள் மணல்மேடு. மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம் என்னுமிடம் பெயர்பெற்றது. ஒட்டகச் சவாரி, கூடாரம், ஆடல் பாடல் என்று சந்தடி மிகுதி. அமைதி வேண்டுவோர் தென்மேற்கிலுள்ள குரி கிராமத்துக்குச் செல்லலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அதுவே உகந்தது. கொண்டுபோகும் காகிதத்தையும் பாட்டில்களையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் எங்கும் விரையாமல் ஓய்வெடுக்கலாம். சாப்பாட்டைச் சுவைக்க நேரம் ஒதுக்குங்கள். கம்பு ரொட்டி நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. உடன் வரும் ‘கேர் சாங்ரி’ என்னும் கறியில் உள்ள சாங்ரி, வன்னி மரத்தின் காய். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நாம் காணும் அதே வன்னி, அங்கே உணவாகவும் நிழலாகவும் ஆட்டுத் தழையாகவும் மக்களைக் காக்கிறது. பல கறிகளைத் தண்ணீருக்குப் பதில் மோரும் தயிரும் விட்டுச் சமைப்பது அவர்கள் கண்ட சிக்கனம்.

ஏரி இல்லாத நாட்டின் ஏரி

மாலையில் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்தாரா சென்று வரலாம். பாலிவால் அந்தணர் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப்போன ஊர். பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவார்கள். நாம் பார்க்க வேண்டியது பேயை அன்று, அவர்களுடைய வேளாண்மையை.

நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சால்மரில் 200 மில்லிமீட்டர்கூட இல்லை. அதைக்கொண்டே பாலிவால் மக்கள் கோதுமை விளைவித்தனர். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள். அதற்குக் ‘கடீன்’ என்று பெயர். நம் ஏரியில் நீரைத் தேக்கி, மதகு வழியே கரைக்கு வெளியேயுள்ள வயலுக்குப் பாய்ச்சுகிறோம். கடீனிலோ நீர் மண்ணுக்குள் இறங்கியபின், ஏரியின் உள்வாயிலேயே விதைக்கிறார்கள். ஈரமே பயிரை விளைவித்துவிடுகிறது. வீடுகளில் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டியில் மழைநீரைச் சேமித்தனர். நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல்தான்.

இன்று ஜெய்சால்மருக்கு நீர் பஞ்சாபிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்திரா காந்தி கால்வாயில் வருகிறது. ஆயினும் உள்நாட்டுச் சிற்றூர்களில் குடமெடுத்து நெடுந்தூரம் நடக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். நீச்சல் குளமுள்ள விடுதியைத் தேர்ந்தெடுக்குமுன் அவர்களை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஒரு வாளி நீரில் குளிப்பதும், துணிகளை ஊருக்குக் கொண்டுவந்து துவைப்பதும் நம்மால் ஆகாத காரியமல்ல.

யாருக்கு ஓய்வு?

உல்லாசப் பயணம் என்றால் நம் வீடுகளில் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகும். முதல் நாள் இரவு முழுவதும் புளிசாதமும் சப்பாத்தியும் கட்டுவது, போன இடத்தில் மூட்டைகளைக் காப்பது, வந்ததும் துணி துவைப்பது எல்லாம் அவர்களே. ஆகவே திட்டத்தில் வேலைப் பங்கீட்டையும் எழுதுங்கள். கட்டுச்சோறு, மூட்டை முடிச்சு, வந்தபின் துணி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கட்டும். அம்மாவின் பெயருக்கு எதிரே ‘ஓய்வு’ என்று மட்டும் இருக்கட்டும்.

தொலைவு போக இயலாதவர்களுக்கு

இவ்வளவு செலவு எல்லாக் குடும்பத்துக்கும் இயலாது. அவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே மணற்கடல் உண்டு. விழுப்புரம் வழியாகச் செல்லும் இரயிலில் இரவு ஏறினால் காலையில் திருச்செந்தூர். அருகில் பரந்து கிடப்பது தேரிக்காடு. இது மழை பெய்யும் பகுதியாதலால் உண்மையான பாலைவனம் அன்று. ஆயினும் காற்று குவித்த செம்மணல் மேடுகள் பாலைவனம் போலவே தோன்றும். இரும்புச் சத்தே அந்தச் சிவப்புக்குக் காரணம். பனையும் முந்திரியும் இடையிடையே நிற்கும். அந்த மணலுக்கு நடுவே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் வற்றாத சுனையும் உள்ளன. தெற்கே கடலோரத்தில் மணப்பாடு. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்த ஊர். மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. மூன்று நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

எங்கே சென்றாலும் திட்டம் ஒன்றே. அந்த ஊர் எதனால் உயிர்வாழ்கிறது என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிறகு அதற்குப் பங்கம் வராமல் தங்கி வர வேண்டும். நம் கூட்டேரிப்பட்டின் பெயருக்குள்ளேயே ஓர் ஏரி ஒலிக்கிறது. ஒரு வாளி நீரில் மூன்று நாள் குளித்துப் பழகியவர்கள் ஊர் திரும்பியதும் அந்த ஏரிக்கரை மீது ஒருமுறை நடந்து பாருங்கள். வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்தால் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பாலைவனம் போய்வந்த பயன் அதுவே.