புற்றுநோயுற்றோருக்கு நாம் செய்யக் கூடிய உதவி

நம் உற்றார் உறவினரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தால், நாம் உடனே செய்வது ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வருவதாகும். அன்பினால் செய்யப்படும் காரியமே எனினும், நோயாளிக்கு உண்மையில் எது தேவை என்பதை அறிந்து செய்வதே பயனுள்ள உதவியாகும். அதனை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். புற்றுநோய் தொற்றுநோயன்று. நோயாளியுடன் உண்பதாலும், அருகில் அமர்வதாலும், அவர் துணிகளைத் துவைப்பதாலும் அது பிறருக்கு வாராது. ஆகவே தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்பது அறியாமை. அது நோயைக் காட்டிலும் அதிகமாக மனத்தை வருத்தும்.

இனிப் பரிசுப் பொருள்களைக் கவனிப்போம். மருந்துச் சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் பலருக்குத் தலைமயிர் உதிர்கிறது. பெண்களுக்கு இது பெருந்துயரம். அச்சமயம் மெல்லிய பருத்தித் தலைத்துணி இரண்டு கொடுப்பது, விலையுயர்ந்த பட்டுச் சேலையைவிட மேலானது. கதிர்ச் சிகிச்சை பெறுவோரின் தோல் புண்பட்டிருக்குமாதலால், தளர்ந்த பருத்தி ஆடையே அவர்களுக்கு ஏற்றது. நம் நெசவாளர்கள் அறிவர்: புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது தோலை உரசும். எனவே துணியை இருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கி, மிருதுவாக்கிக் கொடுக்க வேண்டும். முன்புறம் திறக்கும் சட்டையோ ரவிக்கையோ தைத்துக் கொடுத்தால், மார்பிலும் கையிலும் ஊசி ஏற்றும்போது சிரமம் குறையும்.

உணவு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மருந்துச் சிகிச்சையின்போது இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குன்றும். நம் மாவட்டத்து மாம்பழமாயினும், மருத்துவர் அனுமதித்தபின், நன்கு கழுவித் தோல் நீக்கியே கொடுக்க வேண்டும். வாய்ப்புண் உள்ளவருக்குக் காரம் ஆகாது. ஆறிய ராகிக் கஞ்சி, இளஞ்சாதம், வெந்த பருப்பு முதலியன ஏற்றவை. சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தல் நலம். மல்லிகையும் வாசனைத் தைலமும் குமட்டலை உண்டாக்கலாம். சளி, இருமல் உள்ளவர்கள் பார்க்கச் செல்லாதிருப்பதே பெரிய உதவி. மருந்துச் சிகிச்சை பெறுபவருக்கு 100.4 டிகிரிக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யாரோ சொன்ன லேகியத்தை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுத்தல் கூடவே கூடாது.

பொருளினும் பெரிது உழைப்பு. சங்கத்தில் வாங்கிய நூல் பாவாகித் தறியில் நிற்க, நெய்பவர் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால் கூலி நின்றுபோகும். கதிர்ச் சிகிச்சையோ வாரத்திற்கு ஐந்து நாளாகப் பல வாரம் நடப்பது. பிழைப்புக்கும் வழிச்செலவுக்கும் அஞ்சிச் சிகிச்சையைப் பாதியில் விடுவோர் உண்டு. அதனால் உயிருக்கே கேடு நேரும். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார். "அண்ணே, அந்தப் பாவை நான் நெய்து முடிக்கிறேன், கூலி உங்கள் வீட்டுக்கு வரும்" என்றோ, "அக்கா, மாட்டுக்குத் தீவனம் இந்த வாரம் என் பொறுப்பு" என்றோ சொல்லிச் செய்ய வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமிராது.

சிங்காரப்பேட்டைப் பகுதியினர் சிகிச்சைக்குப் பெங்களூர் கித்வாய் நிலையத்திற்கோ சென்னை அடையாறுக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்பவர் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இதற்கு மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சேரவிருக்கும் மருத்துவமனை அத்திட்டத்தில் உள்ளதா என்று முன்கூட்டியே விசாரித்தல் அவசியம். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக, வீட்டிலேயே வலி தணிக்கும் பராமரிப்பும் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் இவ்விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுப்பதும் ஒரு பரிசே.

பலர் கூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு அடையாறு நிலையமே சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் அந்நிலையம் தொடங்கிற்று. 1955இல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021இல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார்.

ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்பதே கூட்டுறவின் கொள்கை. கடனுக்கும் கொள்முதலுக்கும் மட்டுமன்றி, அங்கத்தினரின் வீட்டில் நோய் புகுந்த காலத்திலும் அக்கொள்கை வழங்க வேண்டும். சங்கந்தோறும் அடுத்த கூட்டத்தில் இதனைப் பேசி, உதவி முறையை வகுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.