பாதியில் நின்ற படம்

முதலில் அந்தத் தாளிலிருந்து கையை எடுங்கள். டீயைக் குடித்துக்கொண்டே பேசலாம். இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவின் வாயில் பாதி நீட்டிக்கொண்டு நிற்கும் படம் எங்கும் ஓடிவிடாது. ஏன் இழுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் சரிசெய்யும் வேலை பாதி முடிந்துவிடும்.

மினி ஃபிலிம் 86க்கு 54 மில்லிமீட்டர் அளவுள்ள தாள். அதன் அகலமான வெள்ளை ஓரத்துக்குள் ரசாயனப் பசை அடைத்த சின்னப் பை ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் உள்ளே ஒரு கொக்கி தாளைப் பின்னாலிருந்து தள்ள, இரண்டு உருளைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. தெருவோரக் கரும்புச்சாறு மெஷினில் கரும்பு போவதுபோல்தான். பை உடைந்து, பசை தாளின் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஒரே கனத்தில் பரவுகிறது. படத்தைக் கழுவும் வேலை முழுவதையும் அந்தப் பசைதான் செய்கிறது. ஆகவே உருளைகள் சுழலும் வேகம் சீராக இருந்தாக வேண்டும். மோட்டார் நடுவழியில் நின்றால் பசையும் அங்கேயே நின்றுவிடும். பிறகு தாள் முழுசாக வந்தாலும் நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். கையால் வெடுக்கென்று இழுத்தாலோ பசை தாறுமாறாக ஓடும், பக்கவாட்டில் பிதுங்கி உருளையில் ஒட்டும். அது காய்ந்தால் அடுத்த தாளுக்கும் அதே கதி.

மோட்டார் ஏன் நின்றது? பெரும்பாலும் பேட்டரிதான். "விளக்கு எரிகிறதே, ஃபிளாஷ்கூட அடித்ததே" என்பார்கள். விளக்குக்குத் துளி மின்சாரம் போதும். ஃபிளாஷ் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் செலவழிக்கிறது. தாளை உருளைகளுக்கு நடுவே நசுக்கி வெளியே தள்ளும்போது மோட்டாருக்கு அந்தக் கணமே தெம்பு வேண்டும். களைத்த செல் அங்கேதான் கைவிடும். சுவர்க் கடிகாரத்தில் நன்றாக ஓடுகிற சாதா செல்லைக் கழற்றிப் போடுவது வீண் வேலை. ஆல்கலைன் வகை ஏஏ செல் இரண்டையும் சேர்த்தே புதிதாக மாற்றுங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்ற சிக்கனம் இங்கே செல்லாது. மாற்றிவிட்டுக் கேமராவை ஆன் செய்தால், பல நேரம் மோட்டார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தாளைத் துப்பிவிடும்.

அப்படியும் வரவில்லையென்றால் வாயைப் பாருங்கள். அழகுக்கு மாட்டிய தோலுறை வழியை மறைக்கிறதா, கைக்கயிறு குறுக்கே கிடக்கிறதா, படம் எடுக்கும்போது உங்கள் விரலே அங்கே இருந்ததா? இவை எல்லாம் சில்லறைக் காரணங்கள், ஆனால் அடிக்கடி நடப்பவை.

இவையும் இல்லையென்றால் பின்கதவைத் திறந்துதான் ஆக வேண்டும், அதுவும் இருட்டில். இது கலர் ஃபிலிம். பழைய ஸ்டூடியோக்களின் சிவப்பு விளக்குகூட இதற்கு ஆகாது. ஜன்னல் இல்லாத குளியலறை, கதவிடுக்கில் ஒரு துண்டு, அதற்கு மேல் கனமான போர்வை. எல்லாம் தடவிச் செய்கிற வேலை என்பதால், கதவின் கொக்கி எங்கே இருக்கிறது என்று வெளிச்சத்திலேயே விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். ஃபிலிம் பேக்கை நேராக வெளியே எடுத்து, சிக்கிய தாளை மெல்ல விடுவித்து, பேக்கைத் திரும்ப வையுங்கள். வைக்கும்போது அதன் முதுகிலுள்ள இரண்டு செவ்வகத் துளைகளைக் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். புதுப் பேக் போடும்போது அங்கே அழுத்துவதாலேயே சிக்கல் வருவதுண்டு. கதவை மூடியதும் கேமரா இதைப் புதுப் பேக் என்று நினைத்துக்கொள்ளும். புதுப் பேக்கின் மேலிருக்கும் கறுப்பு அட்டையைத் தள்ளுவதாக எண்ணி நல்ல தாள் ஒன்றை வீணாக வெளியே விடும். எண்ணிக்கையும் தப்பாகவே காட்டும். மிச்சம் ஒன்றிரண்டு தாள்தான் என்றால் இந்த இருட்டுக் கூத்தே வேண்டாம், பகலில் திறந்து பேக்கைத் தூக்கிப்போடுங்கள் என்பேன்.

பேக் தீர்ந்து, அதை வெளிச்சத்தில் வெளியே எடுக்கும் வேளையில் உருளையில் காய்ந்த பசை தெரிந்தால், லேசாக ஈரப்படுத்திய மெல்லிய துணியால் துடையுங்கள். நகமோ கத்தியோ வேண்டாம். கீறல் விழுந்தால் ஒவ்வொரு படத்திலும் அதன் தழும்பு தெரியும். பசை காரத்தன்மை உள்ளது. கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளிடம் அந்தத் தாளைக் கொடுத்து விளையாட விடாதீர்கள்.

பரணிலிருந்து எடுத்த பழைய போலராய்டு 600 என்றால் கதை வேறு. அதற்கான பேட்டரி ஃபிலிம் பேக்குக்குள்ளேயே இருக்கிறது. பழைய போலராய்டு நிறுவனம் ஃபிலிம் தயாரிப்பை 2008இல் நிறுத்தியது. அந்தக் காலத்துப் பேக் இன்னும் உள்ளே இருந்தால் அதன் பேட்டரி செத்திருக்கும், பசையும் காய்ந்திருக்கும். கேமராவைக் குறை சொல்வதற்கு முன் இன்று விற்கும் புதுப் பேக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எட்டுத் தாள் கொண்டது. இதில் உருளையைத் துடைப்பதும் சுலபம். முன்கதவைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

எந்தக் கேமராவானாலும் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும்; பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் போகாது. கொக்கி உடைந்தது, பல்சக்கரம் தேய்ந்தது போன்றவை ரிப்பேர்காரர் பார்க்க வேண்டியவை. கொண்டுபோகும்போது சிக்கிய தாளை அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள்; எங்கே மாட்டியது என்று அவர் பார்த்ததுமே கண்டுபிடிப்பார்.