வாடகை வருமானம்: கைக்கு வருவது எவ்வளவு?

"மாதம் பிறந்தால் வாடகை வரும். உட்கார்ந்து சாப்பிடலாம்!"

மாடியில் ஒரு போர்ஷன் கட்ட நினைப்பவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறுபவர், கையில் வரும் பணத்தை இதில் போடுகிறார். கணவரை இழந்த பெண், இருக்கும் வீட்டில் பாதியைத் தடுத்து வாடகைக்கு விடுகிறார். அந்த வாடகையில்தான் பால் கணக்கும், மருந்துச் செலவும் ஓட வேண்டும்.

வாடகை வீடு நல்ல சொத்துதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் கட்டினால், வாழ்நாள் சேமிப்பு செங்கல்லிலும் சிமெண்டிலும் முடங்கிவிடும்.

12 மாதம் அல்ல, 11 மாதம்!

ஒருவர் 15 லட்சம் ரூபாய் செலவில் மாடியில் ஒரு வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 8 ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு 96 ஆயிரம் ரூபாய்.

"அடேயப்பா, ஏறக்குறைய ஒரு லட்சம்!" என்று மகிழத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்! வீடு எல்லா மாதமும் நிறைந்திருக்காது. ஒருவர் காலி செய்து, இன்னொருவர் குடிவர நாள் ஆகும். வருடத்தில் ஒரு மாத வாடகை போய்விட்டது என்றே கணக்கு வையுங்கள். 8 ஆயிரம் போயிற்று. வீட்டு வரி, வெள்ளை அடித்தல், மோட்டார் ரிப்பேர், மாடி ஒழுக்கு இவற்றுக்கு 16 ஆயிரம் ஒதுக்குங்கள். மீதி 72 ஆயிரம்.

அதாவது, மாதம் 8 ஆயிரம் அல்ல, 6 ஆயிரம்தான்! போட்ட பணத்தில் 100 ரூபாய்க்கு வருடம் 4 ரூபாய் 80 காசு கிடைக்கிறது.

வீட்டின் மதிப்பு பிற்காலத்தில் உயரலாம். ஆனால் விற்றால்தான் அந்த லாபம் கைக்கு வரும். அடுத்த மாதம் அரிசி வாங்க அது உதவாது.

கடன் வாங்கிக் கட்டலாமா?

இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று நம்புகிறார்கள்.

அந்த 15 லட்சமும் கடன் என்றால், 100-க்கு 9 ரூபாய் வீதம் முதல் வருட வட்டியே 1 லட்சத்து 35 ஆயிரம் ஆகிறது. மிஞ்சும் வாடகையோ 72 ஆயிரம். பாதிப் பணத்தைக் கடன் வாங்கினாலும் வட்டி 67 ஆயிரத்து 500. வாடகையில் மிச்சம் 4 ஆயிரத்து 500 ரூபாய். அசலை எதைக் கொண்டு அடைப்பது?

ஆகவே, ஒரு விதியை மறக்கக் கூடாது. ஆறு மாதம் வாடகையே வராவிட்டாலும், சம்பளத்திலிருந்தோ வேறு வருமானத்திலிருந்தோ கடன் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் கட்டுங்கள். முடியாது என்றால், கையில் பணம் சேரும்வரை காத்திருங்கள். நகையை அடகு வைத்து மாடி எழுப்புவது வேண்டவே வேண்டாம்.

கட்டுவதற்கு முன் இன்னும் இரண்டு வேலை உண்டு. கீழே உள்ள அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டுங்கள். அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஆயிரம் ரூபாய் ஆசை

8 ஆயிரம் கொடுக்கும் குடித்தனக்காரர் ஒழுங்கானவர். ஐந்தாம் தேதிக்குள் வாடகை தந்துவிடுகிறார். வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கிறார். ஆனால் பக்கத்துத் தெருவில் 9 ஆயிரம் வாங்குகிறார்களாம்! வீட்டுக்காரருக்கு ஆசை வருகிறது.

"அடுத்த மாதம் முதல் 9 ஆயிரம் கொடுங்கள், சார்."

"எனக்குக் கட்டுப்படியாகாது, ஐயா. வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்."

அவர் போய்விடுகிறார். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது. 16 ஆயிரம் நஷ்டம். புதியவருக்காக வெள்ளை அடிக்க, ரிப்பேர் பார்க்க 8 ஆயிரம். ஆக மொத்தம் 24 ஆயிரம். கூடுதலாக வரும் ஆயிரம் ரூபாயைக் கொண்டு இதை ஈடுகட்ட இரண்டு வருடம் ஆகும்! வந்தவரும் நல்லவராக இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரி.

வாடகையை உயர்த்தவே கூடாது என்பதில்லை. வருடத்துக்கு எவ்வளவு உயர்த்துவது என்பதை முதலிலேயே பேசி எழுதிவிட்டால், இருவருக்கும் மனக்கசப்பு இராது.

புதிதாக வருகிறவரின் ஊரையும் உறவையும் துருவுவதைவிட, அவர் செய்யும் வேலையையும், முந்திய வீட்டில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா என்பதையும் விசாரிப்பது பலன் தரும்.

அட்வான்சு யார் பணம்?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்கும் வழக்கம் உண்டு. அந்தப் பணம் கைக்கு வந்ததும் சிலர் அதில் கலியாணச் செலவைப் பார்க்கிறார்கள். வேறு சிலர் மாடியில் இன்னொரு அறை கட்டுகிறார்கள்.

அது வருமானம் அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்! குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் கையில் காசு இல்லாமல், "புதியவர் வரட்டும், அவரிடம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்வதால்தான் சண்டைகள் வருகின்றன. அவருக்கும் புதிய வீட்டுக்கு அட்வான்சு கட்ட வேண்டாமா? அந்தப் பணத்தைத் தனியாகப் பாங்கில் போட்டு வையுங்கள். அதில் வரும் வட்டிதான் உங்களுடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக, புதிய வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலுக்கு வந்தது.

வாய்ப்பேச்சு இனிச் செல்லாது. ஒப்பந்தத்தை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அவர் துணைக் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. "11 மாதத்துக்குத்தானே எழுதினோம், பதிவு எதற்கு?" என்று இருந்துவிடக் கூடாது.

ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்சு வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும் குற்றம். பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் வைப்பதும் கூடாது. காலி செய்ய மறுத்தால், வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போகும்போது ஒப்பந்தமும், ரசீதுகளும்தான் துணை.

குழாய் ஒழுகினால்?

சண்டைக்கு இன்னொரு காரணம் ரிப்பேர். பொதுவாக, சுவர் விரிசல், மாடி ஒழுக்கு, வெள்ளை அடித்தல், மின்சார ஒயரிங் முதலியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு போன்ற சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பொறுப்பு. எது யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

"மோட்டார் ஓடவில்லை, அம்மா" என்று கீழே வந்து சொன்னால், அன்றைக்கே ஆளை அனுப்புங்கள். தண்ணீர் இல்லாத வீட்டில் யாரும் நிலைத்துக் குடியிருக்கமாட்டார்கள். மாடி ஒழுக்கையும் மழைக்கு முன்பே அடைத்துவிட்டால் செலவு குறைவு. விட்டுவிட்டால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். பிறகு தளமே பெயரும்.

ஒரு தனி நோட்டு

வாடகை வருமானத்துக்கும் வருமான வரிக் கணக்கு உண்டு. கட்டிய வீட்டு வரி போக, மீதியில் 100-க்கு 30 ரூபாய் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ரிப்பேர் ரசீது எதுவும் காட்ட வேண்டியதில்லை.

எத்தனை சிறிய வீடானாலும் அதற்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கம் வரவு. மறு பக்கம் செலவு. வாடகையைப் பாங்கு மூலம் வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுங்கள். மாதம் 2 ஆயிரம் ரூபாயைத் தொடாமல் எடுத்து வையுங்கள். வீடு காலியாக இருக்கும் மாதத்திலும், மோட்டார் எரிந்துபோன நாளிலும் அதுதான் கை கொடுக்கும்.

8 ஆயிரம் வரும் என்று நம்பி 8 ஆயிரத்தையும் செலவு செய்கிறவர், ஒரு மாதம் வாடகை நின்றாலும் தவித்துப்போவார். 6 ஆயிரம்தான் என்று தெரிந்து குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தத் தவிப்பு இல்லை. மருந்துக் கடைக்கு அவர் கடன் சொல்ல வேண்டியிராது!