சரளமாக வாசிக்கிறாள், புரிந்ததா?

'சிப்பிகளைக் கரையில் குவித்தார்கள். சதை அழுகும் வரை காத்திருந்தார்கள். பிறகு கழுவினார்கள்.' மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைத் தடங்கலின்றி வாசித்துவிடும். எங்கே குவித்தார்கள் என்றால், 'கரையில்' என்று பதிலும் வரும். ஏன் அழுகவிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை அந்த வரிகளில் இல்லை. முத்து சதைக்குள் இருக்கும், சதை அழுகினால் அலசி எடுப்பது எளிது என்று அறிந்த பிள்ளைக்குத்தான் மூன்று வரியும் ஒன்றுசேரும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். வீட்டில் யாராவது சொல்லியிருந்தால்தான் இன்றைய பிள்ளைக்குச் சிப்பியை அழுகவிடும் காரணம் தெரியும்.

தமிழில் எழுத்துகள் பிடிபட்டுவிட்டால் அறியாத சொல்லையும் உரக்க வாசித்துவிடலாம். அதனாலேயே புரியாமை வெளியே தெரிவதில்லை. எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்புத் திறன் என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சிவிட்டார்கள்.

உப்பளத்தில் பாத்தி கட்டுவதும், தோணியில் சரக்கு ஏற்றுவதும், வாடைக் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் உள்ள வேறுபாடும் அறிந்த பிள்ளைகளை 'மக்கு' என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த உலகம் பாடத்துக்குள் வருவதில்லை, அவ்வளவுதான்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பொருள் புரிந்து வாசிப்பதை இலக்காக வைத்தது. 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் கேள்வி பதிலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் போனால்தான் பலன் கிடைக்கும்.

வீட்டில் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. ஆகவே தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, 'அவன் ஏன் அப்படிச் செய்தான்? அடுத்து என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். தவறான பதில் வந்தால் உடனே திருத்தாமல், 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டால், பிள்ளை தானாகவே அந்த வரிக்குத் திரும்பிப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். பேரன் வாசிக்க, அவர் கேள்வி கேட்டால் போதும்.